இராமலிங்க விலாசத்துச் சுவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். இராமேசுவரம் போகிற பலர் இராமநாதபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். அடுத்த முறை அரண்மனை வாசலில் இறங்கி, இராமலிங்க விலாசத்துக்குள் ஒரு மணி நேரமாவது இருந்துவிட்டுப் போங்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

இராமநாதபுரம் பகுதியான சேதுநாட்டை ஆண்ட அரசர்களின் பட்டம் சேதுபதி. போகலூரிலிருந்த தலைநகரை இங்கே மாற்றிய கிழவன் சேதுபதி எழுப்பிய மாளிகை இது. மகாமண்டபம், அர்த்தமண்டபம், அதற்கும் உள்ளே கருவறை போல ஓர் அறை என்று அமைப்பில் கோயில்தான். சுவர்களில் உள்ள ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை.

இராமாயணமும் கண்ணன் கதையும் தீட்டப்பட்ட சுவர்கள் நம் நாட்டில் ஏராளம். இங்கே பாலகாண்டக் காட்சிகளோடு, அந்த நாளைய அரசியலும் சரிக்குச் சமமாக இடம் பிடித்திருக்கிறது. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம். அரசரைப் பார்க்க வந்த ஐரோப்பியர் ஒரு பக்கம். இராஜராஜேசுவரி அம்மன் தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் வழங்குகிறாள்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இன்னொரு காட்சி. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர், சேதுபதிக்கு இரத்தின அபிஷேகம் செய்து சிறப்பிக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் அரச மரியாதை. ஆனால், ஒரு காலத்தில் மதுரைக்கு அடங்கியிருந்த நாடு சேதுநாடு. 1702இல் இராணி மங்கம்மாள் அனுப்பிய படையைக் கிழவன் சேதுபதி முறியடித்தார். மதுரைப் படைத்தலைவரான தளவாய் நரசப்பையா களத்திலேயே மாண்டார். அந்த மங்கம்மாளின் பேரன்தான் இந்தச் சொக்கநாதர். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், முத்து விஜய ரகுநாத சேதுபதி தன் உரிமையைச் சுவரில் சாசனமாகவே எழுதிவைத்தார் என்பது விளங்கும். எனக்கு அதில் ஐயமே இல்லை.

ஓவியங்களின் ஊடே தமிழில் பெயர்களும் விளக்கங்களும் எழுதியிருக்கிறார்கள். எழுத்து மங்கியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக நின்று படிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அவர்களை அவசரப்படுத்தாமல் அந்த வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் நல்லது. வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரியோடு கடந்துபோகிற சேதுநாட்டை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மாளிகை இப்போது அரசுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுண்ணப் பூச்சின் மேல் தீட்டிய வண்ணம். ஒருமுறை பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். சுவரில் சாயாதீர்கள், கை வைக்காதீர்கள். யாராவது ஆணியால் பெயர் கீறுவதைக் கண்டால், தயங்காமல் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். வணக்கம்.