ஒரே தண்ணீர், பீன்ஸ் கருகிவிட்டது, காராமணி நிற்கிறது

வணக்கம் மக்களே. இன்றைக்கு வழக்கமான தோட்டச் சுற்று கிடையாது. நேராக உப்புத் தொட்டிகளுக்கு, அதாவது உப்புத் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் செடிகளுக்கு வந்துவிடுங்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

இதோ, இந்த பீன்ஸ் இலை. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். ஓரம் முழுக்கத் தீய்ந்து, தொட்டால் சருகு மாதிரி நொறுங்குகிறது. தளிர் மட்டும் பச்சை. முதிர்ந்த இலைதான் அதிக நாள் தண்ணீரை இழுத்து ஆவியாக விட்டிருக்கிறது, அதனால் உப்பு முதலில் அங்கேதான் சேரும். பக்கத்தில் காராமணி. அதே மண், அதே தண்ணீர், ஒரே நாளில் போட்ட விதை. கொடி குச்சியைத் தாண்டிப் போய்விட்டது!

ஒரு விதைப் பொட்டலத்தில் "பயறு வகைகள் உப்பைத் தாங்காது" என்று ஒற்றை வரியில் போட்டிருந்தார்கள். எரிச்சலாக இருக்கிறது. பீன்ஸுக்கு உவர்ப்பு மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் (உப்பு கூடக்கூட மின்சாரம் எளிதாகக் கடக்கும், அதை அளக்கும் அலகு இது). காராமணி கிட்டத்தட்ட 5 வரை தாங்கும். இரண்டையும் ஒரே வரியில் அடைக்கலாமா?

அப்புறம் இந்த உவர்ப்பை அளக்கும் மீட்டர். போன வீடியோவில் தண்ணீர் 4 என்று சொன்னேன் அல்லவா? அது தப்பு. நேற்று 1.413 என்று லேபிளிலேயே போட்டிருக்கும் சரிபார்ப்புக் கரைசலில் முக்கினால் 1.88 காட்டுகிறது. முனையில் அழுக்கு என்று நினைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினேன். 1.88. பேட்டரி மாற்றினேன். மறுபடியும் 1.88. முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் பின்பக்கத் திருகைத் துளித்துளியாகத் திருப்பி, 1.41-ல் நின்றதும் கைதட்டிவிட்டேன். ஆக, தண்ணீர் 4 அல்ல, சுமார் 3. குறித்து வைத்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அந்த 3-க்கே பீன்ஸ் இப்படி ஆகியிருக்கிறது.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன். முதலில் சொன்ன 1, 5 எல்லாம் ஊற்றும் தண்ணீருக்கான அளவு அல்ல. நீர் தோய்ந்த மண்ணிலிருந்து எடுத்த சாற்றின் அளவு. வடிகால் சரியில்லாவிட்டால் மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியில் துளை போடச் சொல்லி நான் உயிரை விடுவது இதற்குத்தான்.

சரி, இதே மாதிரி உறவுக்குள்ளேயே வேறுபடும் கோதுமைக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ரொட்டிக் கோதுமைக்குள் மூன்று மூதாதைப் புற்களின் மரபணுத் தொகுதிகள் இருக்கின்றன, பாஸ்தா செய்யும் டூரம் கோதுமைக்குள் இரண்டுதான். அந்த மூன்றாவதில் உள்ள ஒரு மரபணு சோடியத்தை வேரிலேயே வழிமறித்துத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. டூரத்தில் அது இல்லாததால் சோடியம் இலைக்கு ஏறிவிடும். 2012-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், ட்ரிட்டிகம் மோனோகாக்கம் என்ற பழைய கோதுமை இனத்திலிருந்து அதே வேலை செய்யும் மரபணுவை இனக்கலப்பு மூலம் டூரத்துக்குக் கொண்டுவந்து, உவர் நிலத்தில் விளைச்சல் 25% வரை கூடியதைக் காட்டினார்கள். பார்லியின் வழி வேறு. உப்பை இலை வரை விட்டுவிட்டு, செல்லின் நீர்ப்பைக்குள் பூட்டி வைத்துவிடும். என் ஓட்டு பார்லிக்குத்தான்!

அடுத்த ஜோடி பீட்ரூட்டும் ஸ்பினாச்சும். ஒரே குடும்பம், ஆனால் ஸ்பினாச் 2-லேயே சுணங்கும், பீட்ரூட் 4 வரை போகும். முளைக்கும் பருவத்தில் மட்டும் பீட்ரூட்டுக்கும் உப்பு ஆகாது, அதனால் இலை விரியும் வரை நல்ல தண்ணீர்தான். நேற்று விதைத்தேன், இன்னும் ஒன்றும் தலை காட்டவில்லை.