அரையாண்டு விடுமுறையும் பதினான்கு குழிகளும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்து, பையை மூலையில் போட்ட மறுநாளே, "பொழுதே போகவில்லை" என்ற முறையீட்டைப் பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். கோடை விடுமுறைக்கு ஆச்சி வீடு, ஊர்த் திருவிழா, மாம்பழம் என்று எத்தனையோ உண்டு. டிசம்பர் விடுமுறையோ மிகச் சிறியது; வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஓய்ந்திருக்காது, தெருவும் திடலும் சேறாகிக் கிடக்கும், மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு விடுமுறையும் கிடையாது. கடைசியில் கைப்பேசியே துணை என்றாகிவிடுகிறது. தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் இதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வீட்டில் உள்ள பெரியவர் எவரேனும் முதல் கால் மணி நேரம் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். அதன் பிறகு அவர் எழுந்து போய்விடலாம், போய்விடவும் வேண்டும்.

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். இது மொச்சை வருகிற காலம். உரித்த பச்சை மொச்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் நெகிழ்ந்ததும் இரு விரலால் அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு துள்ளி வெளியே வரும். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கிற வீடுகளில் பெரியவர்களுக்குச் சலிப்பைத் தருகிற இந்த வேலை, ஏழு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு. யார் பிதுக்கியது எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்ப்பார்கள், சில பருப்புகள் அலமாரிக்கு அடியில் போகும், போகட்டும். மதியம் இலையில் குழம்பு வரும்போது "இது நான் பிதுக்கியது" என்று சொல்லிக்கொள்ள ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கிறதே, அதை எந்தப் பொம்மைக் கடையிலும் வாங்க முடியாது.

இனி என்னுடைய பழைய பைத்தியத்துக்கு, அதாவது பல்லாங்குழிக்கு வருகிறேன். ஆடுபுலி ஆட்டத்தைக் கோடு போட்டுக் காட்டாமல் வானொலியில் விளக்க முடியாது, பல்லாங்குழியைச் சொல்லிவிடலாம். பலகை இல்லையென்றால் தரையில் சாக்கட்டியால் ஆளுக்கு 7 வட்டமாக இரண்டு வரிசையில் 14 வட்டம் போடுங்கள். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை போதும். குன்றிமணி வேண்டாம், அதன் பருப்பு நஞ்சு. எந்தக் கொட்டையானாலும் தவழ்கிற குழந்தைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றிவர வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு ஆட்டம் எதிராளிக்குப் போகும். வழியில் எந்தக் குழியிலாவது 4 காய் சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி சற்று மாறும். நான் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்கள் எதிர் வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கிற சிறுவன் ஒருவன், கைப்பேசி பறிக்கப்பட்ட கோபத்தோடுதான் என்னுடன் ஆட உட்கார்ந்தான். இரண்டு ஆட்டம் தோற்றான். முதலில் ஆடுகிறவர் சரியான குழியில் தொடங்கினால் நிறைய காய் எடுக்கலாம், அந்த இரகசியத்தை நான் மறைக்கிறேன் என்பது அவன் குற்றச்சாட்டு. எதற்கும் நீயே பார்த்துக்கொள் என்று பலகையைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு குழியிலிருந்தும் தொடங்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் காய்களைத் திரும்ப ஐந்தைந்தாக நிரப்பி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். எங்கே தொடங்கினாலும் முதல் கையில் கிடைப்பது 7 காய்தான். எல்லாக் குழியிலும் சமமாக இருக்கும்போது வட்டத்தில் எந்த இடமும் மற்றோர் இடத்தைப் போன்றதுதானே, முடிகிற இடம் மட்டும் நகர்கிறது என்று அவனே காரணமும் சொன்னான். நேயர்களும் இன்று மாலையே போட்டுப் பாருங்கள், 7 வரும். அப்படியானால் வெற்றி தோல்வி இரண்டாவது கையில்தான் தொடங்குகிறது என்று சொல்லி, அன்று மாலை முழுவதும் அதை ஆராய்ந்துகொண்டிருந்தான். மீண்டும் சொல்கிறேன், நான் உடன் இருந்தது தொடக்கத்தில் மட்டுந்தான்.

ஆட்டத்தில் சண்டை வரும். தன் குழியில் பசு விழுந்ததை ஒருவர் கவனிக்காமல் விட்டு, அதன்மேல் ஐந்தாவது காயும் விழுந்துவிட்டால், பசு உண்டா இல்லையா என்ற வழக்கு நிச்சயம் வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே விதியை அவர்களே பேசி முடிவு செய்யட்டும், வழக்கு வந்தால் அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நடுவராக ஓடிவருகிற பெரியவரால் ஆட்டந்தான் கெடுகிறது.

தாயத்தைப் பற்றியும், பொங்கலுக்கு முந்திய வெள்ளையடிப்பில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது பற்றியும் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மார்கழிக் கோலத்தைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. சிக்குக் கோலத்தின் ஒழுங்கைக் கணிதமாகவும் கணினிக்கான இலக்கணமாகவும் ஆராய்ந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி தம் குழுவினருடன் 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஆகவே அதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், பையன்களையும் விடியற்காலையில் எழுப்பி வாசலுக்கு அழைத்து வாருங்கள். முந்திய நாள் சிலேட்டில் புள்ளி வைத்துப் பழகிக்கொண்டால், வாசலில் கை தயங்காது. நன்றி, வணக்கம்.