உடைந்து வரும் வியூக விளையாட்டும் பேட்சுக்கான காத்திருப்பும்

[திரையில்: உலக வரைபடம். "முறை முடிந்தது" பொத்தான் அழுத்தப்பட்ட பிறகு சுழன்றுகொண்டே இருக்கும் காத்திருப்புக் குறி.]

வணக்கம். வியூக விளையாட்டு ஒன்று பக்குகளோடு, அதாவது நிரல் பிழைகளோடு, வெளியாகும்போது அதை வாங்கியவர்களுக்கு வரும் கோபத்தைப் பற்றியும், அதைச் சரிசெய்யும் பேட்ச் ஏன் விரைவில் வந்துவிடுவதில்லை என்பதைப் பற்றியும் இந்த வீடியோ பேசுகிறது. அந்தப் பேட்ச் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கணினிகளுக்கு வந்து சேர்வதே ஒரு தனிச் சிக்கல் என்பதால், அதையும் சேர்த்தே பார்க்கலாம்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஒரு வீரன் சுவருக்குள் சிக்கிக்கொண்டால், அது பக் என்று பார்த்த நொடியிலேயே தெரிந்துவிடும். வியூக விளையாட்டில் அவ்வளவு எளிதில் தெரியாது. வரி விகிதம், தானியக் கையிருப்பு, படையின் மனவுறுதி, அண்டை நாட்டின் பகை என்று நூற்றுக்கணக்கான எண்கள் திரைக்குப் பின்னால் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே இருக்கின்றன. நம் கண்ணில் படுவது அவற்றின் விளைவு மட்டுமே. மாகாணம் ஒன்றில் கலகம் வெடித்தால், வரியை ஏற்றிவிட்டோமா, காவல்படையைக் குறைத்துவிட்டோமா என்று நாம் காரணம் தேடுகிறோம். உண்மையில், நாம் கட்டிய கோவிலால் கூடியிருக்க வேண்டிய மக்கள் நிம்மதி, பக் காரணமாகக் கணக்கில் ஏறாமலே போயிருக்கலாம். தோற்றதற்குக் காரணம் நம் முடிவா, விளையாட்டின் பிழையா என்று பிரித்தறிய முடியாத இடத்தில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. யோசித்து முடிவெடுக்கும் இன்பத்துக்காகவே இந்த வகையைத் தேடி வருபவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்று நான் கருதுகிறேன்.

[திரையில்: ஸ்டீம் தளத்தின் ரீஃபண்ட் விதி, பக்கத்தில் ஓடும் கடிகாரம்.]

இந்த இழப்பைத் திரும்பப் பெற வழியும் குறைவு. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் 2015 ஜூன் மாதம் கொண்டுவந்த விதிப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டுகளை ஆடுவோருக்கு இது நல்ல பாதுகாப்பு. வியூக விளையாட்டிலோ, எந்தப் பொத்தான் எதற்கு என்று கற்றுத்தரும் பயிற்சிப் பகுதியிலேயே அந்த 2 மணி நேரம் கரைந்துவிடுகிறது. மோசமான பக்குகள் பெரும்பாலும் பேரரசு பெருகி, எதிரி நாடுகள் பல்கி, கணக்குகள் குவிந்த பிறகே தலைகாட்டும். அப்போது ஆட்ட நேரம் 30, 40 மணியைத் தொட்டிருக்கும். வரம்பைத் தாண்டிய கோரிக்கைகளையும் பரிசீலிப்பதாக ஸ்டீம் சொல்கிறது என்றாலும், பணம் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

[திரையில்: கோட்டை வாசலுக்கு வெளியே அசையாமல் நிற்கும் படை. பிறகு, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் காட்சி.]

2013 செப்டம்பர் 3 அன்று வெளியான டோட்டல் வார்: ரோம் 2 என்ற வியூக விளையாட்டு, இப்படிப் பக்குகளோடு வருவதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட தரப்புகள் கொண்ட அந்த விளையாட்டில், நம் முறை முடிந்து கணினித் தரப்புகள் அனைத்தும் தத்தம் முறையை முடிக்கும் வரை நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைவிடவும் பலரைக் கசக்கச் செய்தது முற்றுகைப் போர். கோட்டையைத் தாக்க வந்த எதிரிப் படை, ஏணியும் இல்லாமல் முன்னேற்றமும் இல்லாமல் மதிலுக்கு வெளியே வெறுமனே நின்றது.

கிருஷ்ணகிரியில் வளர்ந்தவர்களுக்கு முற்றுகை என்பது எட்டாத சங்கதி அன்று. நகரத்தின் எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்தாலும் கண்ணில் படும் அந்தப் பாறை மலையில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 நவம்பரில், மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை கீழ்ப்பகுதியைப் பிடித்த பிறகும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. செங்குத்தான ஏற்றமும் மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகளும் அதற்குக் காரணங்கள். காரணத்தோடு தோற்ற அந்தப் படையை நினைத்துக்கொண்டு திரையில் காரணமே இல்லாமல் நிற்கும் படையைப் பார்க்கும்போது, இந்த வகை விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்: ஒவ்வொரு வெற்றிக்கும் தோல்விக்கும் நாம் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ரோம் 2 தொடர்ந்து வந்த பேட்சுகளால் படிப்படியாகத் தேறியது. ஓராண்டு கழித்து, 2014 செப்டம்பரில், எம்பரர் எடிஷன் என்ற பெயரில் வந்த பெரிய அப்டேட் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முதல் நாளில் முழு விலை கொடுத்தவர்கள், நிறுவனத்தின் சோதனைக் குழு செய்திருக்க வேண்டிய வேலையை ஓராண்டு செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

[திரையில்: ஒரே ஆட்டம் ஓடும் இரண்டு கணினிகள். ஒன்றில் மான் சற்றுத் தள்ளி நிற்கிறது.]

இனி, பேட்ச் ஏன் தாமதமாகிறது? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை. பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயரில், ஒருவர் கணினியில் நடப்பதும் இன்னொருவர் கணினியில் நடப்பதும் வேறுபட்டுப்போகும் டீசிங்க் என்ற பிழையை எடுத்துக்கொள்வோம். 1997-இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமே கொண்ட மோடத்தில் எட்டுப் பேர் வரை சேர்ந்து ஆடும்படி வடிவமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் நிலையை அந்த மெல்லிய இணைப்பில் அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் இட்ட கட்டளைகள் மட்டுமே அனுப்பப்பட்டன; எல்லாக் கணினிகளும் அதே கட்டளைகளை அதே வரிசையில் நிறைவேற்றி, அதே உலகத்தைத் தனித்தனியே கணக்கிட்டன. இன்றும் பல வியூக விளையாட்டுகள் இம்முறையில்தான் இயங்குகின்றன.

இதில் ஓர் ஆபத்து உண்டு. அந்த விளையாட்டை உருவாக்கியவர்களே பின்னர் விளக்கியபடி, வரைபடம் உருவாகும்போது ஒரு மான் ஒரு கணினியில் இம்மியளவு விலகி நின்றால், அது மேயும் பாதை மாறுகிறது. சில நிமிடங்கள் கழித்து அதை வேட்டையாடப் போனவனின் ஈட்டி அங்கே குறி தவறுகிறது. அவன் இறைச்சி இல்லாமல் வீடு திரும்புகிறான். அதற்குப் பிறகு இரண்டு கணினிகளிலும் நடப்பது ஒரே வரலாறு ஆகாது. ஆட்டம் அறுந்துபோகும் இடத்தில் பிழை இருக்காது. அது பல நிமிடங்களுக்கு முன்னால், யாரும் கவனிக்காத ஒரு மானின் காலடியில் இருக்கும். அதைத் தேடிப் பிடித்துத் திருத்தினால், அத்திருத்தம் வேறு எதையும் கெடுக்கவில்லை என்று மறுபடி முழுவதும் சோதிக்க வேண்டும். ஆட்டத்தைப் பாதியில் சேமித்துவைத்த பழைய சேவ் ஃபைல்கள் புதிய பதிப்பில் திறக்கின்றனவா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

ஆகவே, தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. 2023 அக்டோபர் 24 அன்று வெளியான, நகரம் கட்டும் விளையாட்டான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2, தாங்கள் எண்ணிய செயல்திறனை இன்னும் எட்டவில்லை என்று உருவாக்கியவர்களே முன்கூட்டி அறிவித்த நிலையிலும், குறித்த தேதியில் கணினிக்கு விற்பனைக்கு வந்தது. அடிப்படைக் குறைகள் தீரும் முன்பே, 2024 மார்ச்சில் கடற்கரை வீடுகளுக்கான டிஎல்சி (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் பகுதி) ஒன்று தனி விலையில் விற்கப்பட்டது. ஆட்டக்காரர்களின் கொந்தளிப்புக்குப் பிறகு, அடுத்த மாதமே அதை உருவாக்கிய, வெளியிட்ட நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தன. அந்தக் கொந்தளிப்பு முழுக்க நியாயமானது. உடைந்ததைச் சரிசெய்வதற்கு முன் அதன் மேல் இன்னொன்றை விற்பது, காத்திருப்பவரின் பொறுமையையே விலைபேசுவதாகும்.

காத்திருப்பு எப்போதும் பலன் தரும் என்றும் சொல்ல முடியாது. 2019 ஏப்ரலில் வந்த இம்பெரேட்டர்: ரோம் என்ற வியூக விளையாட்டு, 2021 பிப்ரவரியில் 2.0 பேட்சால் பெரிதும் மெருகேறியது. அதே ஆண்டிலேயே அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தி வைக்கப்பட்டது.

[திரையில்: செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த மடிக்கணினி, நள்ளிரவு 12-ஐ நெருங்கும் நேரம்.]

பேட்ச் வெளியான பிறகும் நம் பகுதியில் பலருக்குக் காத்திருப்பு முடிவதில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு 10 ஜிபி பேட்ச் ஒரு பொருட்டே இல்லை. ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் செல்போன் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குபவருக்கு, அது ஏறக்குறைய ஒரு வாரத்து டேட்டா. மிச்சமிருக்கும் டேட்டாவை நள்ளிரவுக்கு முன் தீர்த்துவிட்டு, 12 மணிக்குப் பிறகு புதிய ஒதுக்கீட்டில் தொடரும் வழக்கம் இதனால்தான் வந்தது. ஸ்டீம் ஒவ்வொரு ஃபைலையும் ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்புகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலில் சுருக்கி அடைக்கும் விளையாட்டுகளில், சிறு மாற்றம்கூடப் பல துண்டுகளை மாற்றிவிடுவதால், இரண்டு வரித் திருத்தமும் பல ஜிபியாக வந்து இறங்குகிறது. பேட்சின் அளவைச் சிறிதாக வைப்பதும் ஆட்டக்காரருக்குக் காட்டும் மரியாதை என்பதை நிறுவனங்கள் உணர வேண்டும்.

[திரையில்: ஸ்டீம் அமைப்புகள் பக்கம்.]

காத்திருக்கும் நாட்களில் செய்யக்கூடியவை சில உண்டு. நீண்ட ஆட்டத்தின் நடுவில் இருப்பவர்கள், விளையாட்டின் பண்புகள் பகுதிக்குச் சென்று, அதைத் தொடங்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றிவைக்கலாம். பீட்டாஸ் என்ற பிரிவில் பழைய பதிப்புகளைச் சில நிறுவனங்கள் விட்டுவைக்கின்றன. அங்கே நம் சேவ் ஃபைலுக்குரிய பதிப்பைத் தேர்ந்தெடுத்து, தொடங்கிய ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். பேட்ச் குறிப்புகளைப் படிக்கும்போது, "பல்வேறு பிழைகள் திருத்தப்பட்டன" என்ற பொதுவான வரியை நம்பாமல், நம்மைப் பாதித்த பிழை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.

பிழையை நிறுவனத்துக்குத் தெரிவிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபத்தை மட்டும் எழுதி அனுப்பினால், அதை வைத்து நிரலாளரால் எதையும் திருத்த முடியாது. பதிப்பு எண்ணையும், என்ன செய்தபோது பிழை வந்தது என்பதையும் வரிசையாக எழுதி, சேவ் ஃபைலையும் இணைத்து அனுப்புங்கள். மானின் கதையில் பார்த்ததுபோல், பிழை வெளிப்பட்ட பிறகு எடுத்த சேவ் ஃபைலால் பயன் குறைவு. அதற்குச் சில முறைகளுக்கு முந்தையதுதான் அவர்களுக்குத் தேவை. ஆகவே ஆட்டோசேவை ஒவ்வொரு முறைக்கும் வைத்து, பழைய ஃபைல்கள் அழிந்துவிடாமல் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள்.