சந்தேகம்: ரேந்தை பின்னுவதெல்லாம் கலையா?

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்தே ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "பாட்டி பின்னிய லேஸ் விரிப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பொழுது போகாமல் பின்னியதைப் போய்க் கலை என்கிறாயே என்று மாமா சிரிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பொழுது போகாமலா! விடியுமுன் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஊற்றிவிட்டு வந்து உலை வைத்தவர்களுக்குப் பொழுது எங்கே இருந்தது? சரி, மாமாவை விடுவோம்.

மலாயில் லேஸுக்கு ரெண்டா என்று பெயர். தமிழ் அகராதியில் ரேந்தை. இரண்டுமே போர்த்துகீசியரிடமிருந்து வந்த ஒரே சொல். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு ரேந்தை கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். அவருடைய மகள் எலிசா அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். எலிசா யார் தெரியுமா? கால்டுவெல்லின் மனைவி. கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலையே இருக்கிறது. எலிசாவின் ரேந்தையை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அது தலையணையில் ஊசி குத்தி, கட்டையில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நம் தோட்டத்துப் பெண்கள் கையில் இருந்தது குரோஷா. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான். கோலம் பற்றிப் பேசியபோது சொன்னதையே மறுபடி சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள்: இடைவெளிதான் வேலை. எங்கே நூல் வரக் கூடாது என்பதைத் தீர்மானிக்கிறாளே, அங்கேதான் கை தெரியும். சுற்றுக்குச் சுற்று பின்னல் கண் கூடிப்போனால் விளிம்பு அலையடிக்கும், குறைந்தால் கிண்ணம்போலக் குவியும். கணக்கெல்லாம் மனசில்.

அதனால் கலையா இல்லையா என்று மாமாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள் தங்கை. பாட்டி எதைப் பார்த்துப் பின்னினார்? என்னிடம் அதைக் கேட்டிருக்கலாம்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் ரேடியோ மேல் அம்மா பின்னிய விரிப்பு கிடக்கும். ஓரமெல்லாம் மூன்று மூன்று இலையாக ஓடும். பார்த்தவர்கள் வில்வம் என்று நினைத்து, சாமி மேடைக்கு ஒன்று கேட்பார்கள். அம்மாவும் பேசாமல் பின்னிக் கொடுப்பார். நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் கேட்டேன், ஏன் எப்போதும் வில்வம் என்று.

"வில்வத்தை நான் எங்கே கண்டேன்? அது பால்மரத்து இலை" என்றார்.

இந்த ஊரில் இன்னும் எத்தனை சாமி படங்களுக்குக் கீழே அது கிடக்கிறதோ!