அந்த எருமை எதைத் தின்றது?

நடுவர் அவர்களே, பெரியவர்களே, அம்மாமார்களே, பந்தலுக்கு வெளியே பைக் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம். 'கிராமத்துக் குடும்பத்தை நிமிர்த்தியது அப்பாருவின் உழைப்பா, ஆத்தாவின் சிக்கனமா?' இதுதான் தலைப்பு. எங்கள் கொங்குப் பக்கம் தாத்தாவை அப்பாரு என்போம், பாட்டியை ஆத்தா என்போம். நான் அப்பாரு கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி உட்கார்ந்தபோது பந்தலே கைதட்டியது. நானும் தட்டினேன், பொய் சொல்லவில்லை. அவருடைய ஆத்தா எருமை கறந்து, வெண்ணெயை எல்லாம் ஊத்துக்குளிக்கு விற்றுவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கு மோரை மட்டும் ஊற்றினாராம். அந்தக் காசை அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்து, அதில்தான் இரண்டு ஏக்கர் காடு, அதாவது விவசாய நிலம், வாங்கினார்களாம். 'அப்பாரு கொண்டு வந்தார், ஆத்தா காப்பாற்றினார்' என்று முடித்தார். நல்ல வாதம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த எருமை எதைத் தின்றது, நடுவர் அவர்களே?

சோளத்தட்டு தின்றது. சோளத்தட்டு மானத்திலிருந்து விழவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

எங்கள் காடு இதே பெருந்துறைப் பக்கம்தான். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாய்க்காலுக்குக் கீழே காடு வைத்திருந்தவர் நெல் நட்டார். மதகில் தண்ணீர் விடாத மாதத்திலும் கசிவில் அவர் கிணறு நிரம்பியது. எங்கள் காடு வாய்க்காலுக்கு மேட்டில். கல்லை விட்டெறிந்தால் தண்ணீரில் விழும், அவ்வளவு பக்கம். ஆனால் தண்ணீர் மேடேறாதே! கண்ணுக்கு எதிரே ஆறு மாதிரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கொள்ளு விதைத்தார் என் அப்பாரு. அந்த வயிற்றெரிச்சலில்தான் கிணறு வெட்ட ஆரம்பித்தார் என்று ஆத்தா சொல்லும்.

மூன்று கோடை. முதல் கோடையில் செம்மண்ணும் சுக்கான்கல்லும் போயின. இரண்டாவது கோடையில் பாறை. உளியால் குழி அடித்து, மருந்து கிட்டித்து, திரி வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வர வேண்டும். வெடித்த கல்லைக் கூடை கூடையாக மேலே ஏற்ற வேண்டும். நாற்பது அடியில் தண்ணீர் இல்லை, ஐம்பதில் இல்லை. ஊரில் 'அவன் கிணறு வெட்டலை, குழி வெட்டறான்' என்று பேசினார்கள். மூன்றாவது கோடையில் ஐம்பத்தெட்டு அடியில், வடகிழக்கு மூலையில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஊற்றுக்கண் திறந்தது. அப்பாரு மேலே ஏறி வரவில்லையாம். கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆத்தா மேலிருந்து எட்டிப் பார்த்து, ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அலறியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்து வரும் எதிரணி ஆள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிணற்றை அப்பாரு ஒருவர் வெட்டவில்லை. கூடவே ஆறேழு பேர் இறங்கினார்கள். ஒருவருக்கு வெடியில் இரண்டு விரல் போனது. கவலைக்கு, அதாவது மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கிற ஏற்பாட்டுக்கு, தோல் தைத்துக் கொடுத்தவர் காலனியிலிருந்து வந்தார். அவர் தைத்த தும்பி என்ற தோல் குழாய் இல்லாமல் ஒரு சால், அதாவது ஒரு பெரிய வாளி, தண்ணீர் மேலே வந்திருக்காது. எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாரு படம் இருக்கிறது, சந்தன மாலை போட்டு. அவர்கள் பெயர்கூட எனக்கு முழுசாகத் தெரியாது. அது எங்கள் குடும்பத்தின் கணக்கில் இன்னும் பாக்கி. ஆனால் நடுவர் அவர்களே, அவர்கள் கொடுத்ததும் உழைப்புதான். சிக்கனம் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, கிணறு வந்தது. தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டுமே? கவலை ஓட்டுவதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், கை தூக்குங்கள். பத்துப் பேர் இருக்கும். தம்பிகளுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை. எருது இரண்டும் சரிவில் இறங்கினால் வடம் இழுத்து, சால் மேலே வரும். அப்பாரு வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். தண்ணீர் தும்பி வழியாகக் கொட்டியதும் எருதுகள் அப்படியே பின்னுக்கு நடந்து மேட்டில் ஏற வேண்டும். மாட்டைப் பின்னால் நடக்கப் பழக்குவது எவ்வளவு கஷ்டம் என்று மாடு வைத்திருப்பவரைக் கேளுங்கள். கண்ணபுரம் சந்தையில் பிடித்துவந்த காங்கேயம் எருதுகளுக்கே ஒரு மாதம் ஆனதாம். முன்னே போ, பின்னே வா. முன்னே போ, பின்னே வா. விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறும்வரை. இப்படி இறைத்தால் ஒரு நாளைக்கு அரை ஏக்கர் நனைந்தால் பெரிது. மறுநாள் அடுத்த அரை ஏக்கர். அது முடிவதற்குள் முதல் அரை ஏக்கர் காய்ந்திருக்கும்.

எங்கள் கிணற்று விளிம்பில் கயிறு அறுத்த தடம் இன்னும் இருக்கிறது. கருங்கல்லில், என் சுண்டுவிரல் படுக்கிற ஆழத்துக்கு. சிக்கனத்தால் கல்லில் தடம் விழுமா?

எதிரணியில் கேட்டார்கள், 'மழை பொய்த்த வருடம் குடும்பத்தைக் காப்பாற்றியது யார்?' என்று. சேர்த்து வைத்த கம்பும் ராகியும்தான் காப்பாற்றின, மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வருடம் வந்தது. ஆத்தாவின் தானியக் குதிர் ஆறு மாதம் தாங்கியது. ஏழாவது மாதம்? அப்பாரு மறுபடி கிணற்றுக்குள் இறங்கினார். இன்னும் பத்தடி. அந்தக் குதிரைத் தட்டிப் பார்த்தால் தானியம் பெருகாது, நடுவர் அவர்களே. கடப்பாரையைத் தட்டினால் ஒரு வேளை தண்ணீர் வரும்.

அப்புறம் கரண்ட் வந்தது, மோட்டார் வந்தது. கூடவே மின் கட்டணமும் வந்தது. 1972இல் அந்தக் கட்டண உயர்வை எதிர்த்து, விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கோவைக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய் நகரத்தையே அடைத்தார்களே, அதில் எங்கள் வண்டியும் ஒன்று. ஆத்தா கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, 'பைசாவுக்காக இத்தனை நாள் காட்டைப் போட்டுட்டுப் போகணுமா?' என்று கேட்டதாம். சிக்கனத்தின் கேள்வி அது. எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்று 1990இல் வந்தபோது, ஆத்தா அந்தக் கேள்வியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் அப்பாருவைச் சாமியாக்க வரவில்லை. அவர் கடுமையான ஆள். என் அப்பாவை எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கவலை ஓட்ட வைத்தார். அப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும். இன்றைக்கும் மஞ்சள் விலையை மனசுக்குள்ளேயே பெருக்கிச் சொல்வார், சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அந்த ஒரு நிமிடத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தான் உழைத்தது போதாது என்று மற்றவரையும் கசக்கியவர்தான் அப்பாரு. ஆனால் நாம் இங்கே நல்லவர் யார் என்றா பேசுகிறோம்? குடும்பத்தை நிமிர்த்தியது எது என்று பேசுகிறோம்.

கடைசியாக ஒரு திருட்டைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு உட்கார்கிறேன். எதிரணியில் இதுவரை பேசியவர்கள் ஆத்தாவைப் பற்றி என்னென்ன சொன்னார்கள்? நாலு மணிக்கு எழுந்து எருமை கறந்தது. களை எடுத்தது. கல்லில் கம்பு இடித்தது. விறகு சுமந்தது. பிரசவத்துக்கு முதல் நாள்வரை கடலைக்காய் பறித்தது. இதற்கெல்லாம் பெயர் சிக்கனமா? எங்கள் கட்சிச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய், அவர்கள் கடையில் வைத்து விற்கிறார்கள்! ஆத்தாவின் பத்து விரலும் காய்த்துப் போனது காசை எண்ணியா? பானைக்குள் காசு முடிந்து வைத்த அரை நிமிடத்தைச் சிக்கனத்துக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். மீதி நாள் முழுவதையும் என் கட்சிக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

மணியைக் கையில் எடுத்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே நிமிடம். என் ஆத்தா இன்னும் இருக்கிறார், தொண்ணூறைத் தொடுகிற வயது. நேற்று ராத்திரி அவரிடமே போய்க் கேட்டேன். 'ஆத்தா, குடும்பத்தைத் தூக்கி விட்டது அப்பாரு உழைப்பா, உன் சிக்கனமா? நாளைக்கு மேடையில் பேசணும்.' ஆத்தா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னது: 'அவரு கொண்டாராம நான் எதைச் சாமி சேர்க்கறது?' அவ்வளவுதான் நடுவர் அவர்களே, தீர்ப்பு நேற்றே வந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுந்தேன். வாசல்படி தாண்டுவதற்குள் கூப்பிட்டது. 'இதைக் கேக்கறதுக்கா பந்தலு, மைக்செட்டு, இத்தனை லைட்டு? அந்தக் காசுக்கு ரண்டு மூட்டை பருத்திக்கொட்டை வாங்கியிருக்கலாம்.'

இதை எதிரணி எடுத்துக்கொள்ளும் என்று தெரியும். எடுத்துக்கொள்ளட்டும். பருத்திக்கொட்டையும் எருமைக்குத்தான். நன்றி, வணக்கம்.