புதிய பிராசசர் வந்துவிட்டது, லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. புதிய பிராசசர் அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும் உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "என் லேப்டாப்பை இப்போது மாற்றிவிடலாமா?" என்பதுதான். அறிமுக விழாவில் காட்டப்படும் எந்த வரைபடமும் உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப் எந்த இடத்தில் திணறுகிறது என்று சொல்லாது. அதை நீங்களேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இன்று என்னுடைய லேப்டாப்பையே திறந்து வைத்துக்கொண்டு பேசப் போகிறேன்.

இது நான் 2018இல் வாங்கியது. உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ5 8250யு. இந்தச் சேனலின் எல்லா வீடியோக்களையும் இதில்தான் எடிட் செய்கிறேன். இதற்கு முந்தைய ஏழாம் தலைமுறையின் 7200யுவில் இரண்டு கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள், இருந்தன. 2017 ஆகஸ்டில், என் 8250யு சேர்ந்த எட்டாம் தலைமுறையில், அதே 15 வாட் மின் அளவுக்குள் நான்கு கோர்கள் வந்தன. அன்று மாறியவர்களுக்குக் கையில் தெரிகிற வேறுபாடு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019இல் வெளியான 10210யுவை எடுத்துக்கொள்ளுங்கள்: அதே நான்கு கோர்கள், அதே 14 நானோமீட்டர் தயாரிப்பு முறை, உச்ச வேகம் மட்டும் 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.2 ஆனது. பெயரில் எட்டு பத்தாகிவிட்டதே என்று மாற்றியிருந்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. அடுத்த ஆண்டே, 2020 நவம்பரில், ஆப்பிளின் எம்1 வந்தது; விசிறியே இல்லாத மேக்புக் ஏரில் சத்தமில்லாமல் வீடியோ எடிட் செய்ய முடிந்தது. பாய்ச்சல்கள் இப்படித்தான் வருகின்றன, ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 லேப்டாப் வரிசையில், மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7540யு என்றால் ஜென் 4 என்ற புதிய வடிவமைப்பு. 7520யு என்றால் 2019இல் முதன்முதலில் வெளிவந்த ஜென் 2. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே ஆண்டின் புதிய வரவாக நிற்கும். இன்டெல் 2024 ஜனவரியில் வெளியிட்ட கோர் 7 150யுவும் பெயரில் புதியது, உள்ளே முந்தைய ராப்டர் லேக் வடிவமைப்பு. பழைய வடிவமைப்பு என்பதாலேயே ஒரு லேப்டாப் மோசமாகிவிடாது. ஆனால் புதியது என்று நம்பிப் பணம் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, என் லேப்டாப்புக்கு வருகிறேன். சில மாதங்களாக எடிட்டிங்கில் டைம்லைனை நகர்த்தினாலே திரை உறைந்து நின்றது. பிராசசர் தளர்ந்துவிட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தேன். திரை உறையும் நேரத்தில் பிராசசர் 40 சதவீதம்தான் உழைத்தது. 8 ஜிபி ரேம் முழுவதும் நிரம்பி, இடம் போதாமல் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ரேமில் இடமில்லாதபோது விண்டோஸ் தகவல்களை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதுகிறது, அந்தக் காத்திருப்பைத்தான் நாம் பிராசசரின் தலையில் கட்டுகிறோம். காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி போட்டேன், உறைவது நின்றது.

எடிட் முடித்த வீடியோவைக் கோப்பாக மாற்றும் எக்ஸ்போர்ட் மட்டும் இன்னமும் மெதுவாகவே நடந்தது. அப்போது பிராசசர் முழுமூச்சாக ஓடியது, ஆனால் வெப்பம் 97 டிகிரியைத் தொட்டதும் வேகம் 1.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 100 டிகிரி இந்தப் பிராசசரின் எல்லை என்பதால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கேமராவை இங்கே அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். விசிறி காற்றைத் தள்ளும் இந்த மெல்லிய செம்புத் தகடுகளுக்கு முன்னால், கம்பளித் துணியை வெட்டி வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் படலம் இருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுத்துண்டாகவே வந்தது. பிராசசரின் வெப்பத்தைக் கடத்த அதன்மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. சுத்தம் செய்து புதிய பேஸ்ட் தடவிய பிறகு, 41 நிமிடங்கள் எடுத்த அதே எக்ஸ்போர்ட் 29 நிமிடங்களில் முடிந்தது.

வெப்பம் வெளியேறும் அளவுக்குத்தான் வேகம் கிடைக்கும்; புதிய லேப்டாப் வாங்குவோருக்கும் இதே விதிதான். ஒரே பிராசசரை ஒரு நிறுவனம் 15 வாட்டில் மெல்லிய உடலுக்குள் அடைக்கலாம், இன்னொன்று 28 வாட்டும் இரண்டு விசிறிகளும் கொடுத்து ஓட விடலாம். ஆகவே பிராசசரின் மதிப்பாய்வைப் படித்துவிட்டு லேப்டாப் வாங்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே மாடல் அரைமணி நேரம் தொடர்ந்து உழைத்த பிறகு எந்த வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

பேட்டரியையும் சோதித்தேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பேட்டரி அறிக்கை எடுத்தால், தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அடுத்தடுத்து வரும். என்னுடையதில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் மிச்சம் இருந்தது, அதையும் மாற்றினேன்.

இப்படிச் சரிசெய்ய முடியாதவையும் உண்டு, அவைதான் லேப்டாப்பை மாற்றுவதற்கான நியாயமான காரணங்கள் என்று நான் கருதுகிறேன். ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் தனி வன்பொருள் என் பிராசசரில் கிடையாது. இன்டெல் லேப்டாப்களில் அது 2020இல் பதினோராம் தலைமுறையோடு வந்தது. அதனால் வீடியோ பார்க்கும்போதே சில நேரம் விசிறி அலறுகிறது. இதை எந்தப் பேஸ்ட்டாலும் சேர்க்க முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். என் 8250யு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், 7200யு அந்தப் பக்கம். வங்கிக் கணக்கைப் பார்க்கும் கருவியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது என்றால், வேகம் போதுமானதாக இருந்தாலும் அதை அப்படியே வைத்துக்கொள்வது சரியில்லை.

ஏஐ கணக்குகளுக்கென்றே பிராசசரில் இருக்கும் தனிப் பகுதியான என்பியு பற்றியும் கேட்கிறீர்கள். ஏஐ வசதியுள்ள லேப்டாப்களுக்குத் தரும் கோபைலட் பிளஸ் முத்திரைக்கு மைக்ரோசாஃப்ட் வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் என்பியு வேண்டும் என்கிறது. நீங்கள் தினமும் திறக்கும் செயலிகளில் ஒன்றாவது அதைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். என் எடிட்டிங் வேலை இன்னும் அதைத் தொடவே இல்லை.

வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால் ரேமில் மட்டும் கை சுருக்காதீர்கள். 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் லூனர் லேக் வகைப் பிராசசர்களில் ரேம் பிராசசரின் பொதியிலேயே அமர்ந்திருக்கிறது. 16 அல்லது 32 ஜிபி, வாங்கும் நாளில் எடுப்பதுதான் கடைசிவரை. நான் செய்ததுபோல் பிறகு ஸ்லாட்டைத் தேட வழியில்லை.

நான் இந்த முறையும் வாங்கவில்லை. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும் 10 பிட் 4:2:2 பதிவுக்கு என் கேமராவை மாற்றும் நாளில் வாங்குவேன். அந்தக் கோப்புகளை விரித்துக் காட்டும் வன்பொருளும் இந்த 8250யுவில் கிடையாது. அதற்குள் இன்னும் ஒரு தலைமுறை வந்திருக்குமானால், முந்தைய தலைமுறையில் 32 ஜிபி உள்ளதைத்தான் முதலில் தேடுவேன். உங்கள் டாஸ்க் மேனேஜரில் ஒரு வாரம் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், எந்த வேலையின்போது எது 100 சதவீதத்தைத் தொட்டது என்பதையும் சேர்த்து எழுதினால் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியும்.