சன்னல் கம்பி வந்தாச்சு மக்களே! | செங்கோட்டை பாசஞ்சர், நீலப் பெட்டி

வணக்கம் மக்களே, எல்லாரும் சௌக்கியமா இருக்கியளா? இன்னைக்கு மியூசிக் கெடயாது, டைட்டில் கெடயாது, நேரா நம்ம லெகோ ரயில் பெட்டி இருக்க மேசைக்கு வாங்க. லெகோன்னா ஒண்ணோட ஒண்ணு மாட்டுற பிளாஸ்டிக் கட்டை. கேமராவ திருப்புதேன். ஒரு நிமிசம், ஃபேன அமத்திருதேன். இங்கன பாருங்க, இன்னும் கிட்ட வாரேன். தெரியுதா? கம்பி. சன்னல் கம்பி! படுக்க வாக்குல, ஒண்ணு ரெண்டு மூணு, இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடி வரைக்கும் அத்தன சன்னலுக்கும். நேத்து ராத்திரி முடிச்சேன். சந்தோசத்துல தூக்கமே வரல.

நம்ம சேனல பாக்கிறவியளுக்குத் தெரியும், இந்தக் கம்பி எவ்ளோ நாள் தகராறுன்னு. திருநெல்வேலி செங்கோட்டை பாசஞ்சர லெகோல செய்யணும், கடையில விக்கிற ஜெர்மனி வண்டியயோ பிரான்ஸ் வண்டியயோ வாங்கி நீலம் அடிச்சு நம்ம வண்டின்னு சொல்லக்கூடாது, அது மொதல் வீடியோலயே சொன்னது. நம்ம பாசஞ்சர்ல மொதல்ல கண்ணுல படுறது எது? எனக்கு அந்தக் கம்பிதான். சேரன்மகாதேவி தாண்டி வயக்காட்டுக்குள்ள போறப்ப மூஞ்சிய வச்சு அழுத்தி, கன்னத்துல கோடு விழுந்திருக்கும்லா? கம்பி இல்லாத சன்னல் வச்சா அது ஏசி பெட்டி. எனக்கு ஏசி பெட்டி வேண்டாம். காத்து வராது, முறுக்கு வாங்க முடியாது.

அளவு சொல்லாம விட்டுட்டேன் பாருங்க, புதுசா வந்தவியளுக்கு அது வேணும். நம்ம ஊரு அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். லெகோ தண்டவாளத்துல உள்பக்கம் ஏறக்குறைய முப்பத்தி ஏழரை மில்லி. வகுத்தா ஒண்ணுக்கு 45 கிட்ட வருது. ஐசிஎஃப் பெட்டி, அதான் பெரம்பூர் கோச் ஃபேக்டரி டிசைன்ல வந்த நம்ம நீலப் பெட்டி, அதோட அகலம் 3245 மில்லி. 45-ல வகுங்க, 72. ஒரு ஸ்டட், அதான் லெகோ கட்டை மேல இருக்க குமிழு, ஒண்ணுக்கு 8 மில்லி எடம். அப்ப கரெக்டா ஒம்பது ஸ்டட்! தண்டவாளமும் பெட்டியும் ஒரே அளவுல சேந்து நிக்குது. வெளிநாட்டுக்காரங்க அவங்க வண்டிய ஆறு ஸ்டட்லயும் எட்டு ஸ்டட்லயும் செய்யுதாங்க, அதுல தண்டவாளம் வண்டிக்குப் பொருந்தாம பெருசா தெரியும். நம்ம அகலப்பாதைக்கு இது அளவெடுத்து தச்ச மாதிரி உக்காந்திருக்கு. இதக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எங்க தெருவுல நான் சொல்லாத ஆளு இல்ல.

ஆனா ஒம்பதுன்னா ஒத்தப்படை. சக்கரம் மாட்டுற போகி ரெட்டப்படை. நடு செண்டருக்கு வராது, அர ஸ்டட் தள்ளும். அதுக்கு ஜம்பர் பிளேட் போட்டு நாலு மில்லி நகத்தணும். அடியில தெரியுதுல்லா, இந்த வெள்ளைப் பீஸு, நடுவுல ஒத்த ஸ்டட் வச்சது? இதேதான். இது ஒரு பெட்டிக்கு நெறய வேணும், அந்தக் கதைய பொறவு சொல்லுதேன்.

சரி, கம்பி. மொதல்ல லெகோவோட பார் பீஸ போட்டுப் பாத்தேன். அது மூணு மில்லிக்கு மேல கனம். 45-ல பெருக்குங்க, நிஜத்துல பதினாலு சென்டிமீட்டர் கனத்துல கம்பி! ஜெயில்ல கூட அப்பிடி கிடையாது. வேலி பீஸும் பாத்தேன், அது குறுக்குமறுக்கா பின்னல். கமெண்ட்ல பாதி பேரு "அண்ணாச்சி, கம்பிய வரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டுங்க"ன்னு போட்டிருந்தீங்க. ஸ்டிக்கர் எனக்கு ஆகாது, அது உங்களுக்கே தெரியும். நம்ம ஊரு வெயிலுக்கு ஓரம் சுருண்டுரும். இன்னும் சில பேரு பீஸ வெட்டி கம் போட்டு ஒட்டச் சொன்னீங்க. வெட்டுறதும் ஒட்டுறதும் பெயிண்ட் அடிக்கிறதும் இந்த மேசையில நடக்காது. ஒரு பீஸ மாட்டுனா, கழட்டுறப்ப அது முழுசா திரும்பி வரணும்.

எங்கம்மா ஜாக்கெட் தைக்காங்கல்லா, அவங்க தையல் மெஷின் ட்ராயர்ல நூல்கண்டு கெடந்துச்சு. சாம்பல் நெற பாலியஸ்டர் நூலு. எடுத்தேன். "ஏல, என் நூலுல கைய வைக்காத"ன்னு அடுப்படியிலேந்தே சத்தம். சரின்னு அம்பாசமுத்திரம் பஜார்ல போயி சொந்தமா ஒரு கண்டு வாங்கிட்டேன். 25 ரூவா. இருபத்தஞ்சே ரூவா மக்களே! நல்லா கேட்டுக்கிடுங்க. இதே கம்பிக்காக வெளிநாட்டுல ஒரு ஆன்லைன் வியாபாரிகிட்ட ஒரு பீஸு விசாரிச்சேன்லா, போன மாசம் காட்டுனேனே. பீஸுக்கு 640 ரூவா, அனுப்புற கூலி 1,850 ரூவா. கூலி சரக்குல மூணு மடங்கு! குறைச்சுக்கிடுங்கன்னு கேட்டா பதில் கெடயாது. இங்கன கடையில பெட்டியா வாங்குவோம்னா அதுவும் விலை எகிறிக் கெடக்கு. பொம்மைக்கு இறக்குமதி வரி 2020-ல 20 சதவீதத்துலேந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு. நம்மள மாதிரி ஆளுக நூலத் தேடாம என்ன செய்ய?

இப்ப எப்பிடி மாட்டிருக்கேன்னு பாருங்க. ரெண்டு சன்னலுக்கு நடுவுல வாரது தூணு. பிளேட்டு, அதான் மெல்லிசான லெகோ கட்டை, அத ஒண்ணு மேல ஒண்ணா நாலு அடுக்கு வச்சா ஒரு தூணு. ஒரு பிளேட் உசரம் மூணு புள்ளி ரெண்டு மில்லி. மொத அடுக்க பெட்டி நீளத்துக்கும் வரிசையா வச்சிட்டு, நூல ஸ்டட்ட ஒட்டி ஓரமா இழுத்து விடணும். ஸ்டட்டு மேல ஏத்தக்கூடாது, ஏத்துனா அடுத்த பிளேட் உக்காராது. அதுக்கு மேல ரெண்டாவது அடுக்க அமுக்கணும். நூல் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிடும். திரும்ப நூலு, திரும்ப பிளேட். முடிவுல ஒரு சன்னலுக்கு மூணு கம்பி. நிஜப் பெட்டியில இன்னும் நெருக்கமா இருக்கும், ஆனா ரெண்டு அடி தள்ளி நின்னு பாருங்க, கண்ணுக்கு அதுதான் தெரியும். ரொம்ப இழுக்காதீங்க, தூணு உள்ள சாஞ்சிரும். ஒரு முனையில துணி காயப்போடுற கிளிப்ப மாட்டி தொங்க விட்டா இழுப்பு அளவா இருக்கு.

நூல் லெகோ இல்லையேன்னு கமெண்ட் வரும், வரட்டும். கப்பல் செட்டுலயும் கிரேன் செட்டுலயும் கம்பெனிக்காரனே நூலு குடுக்கான்.

அய்யோ, முக்கியமான ஒண்ணு. அவசர சன்னல்! அதுல கம்பி வராது. சிவப்பு சட்டம் வச்சிருக்கும்லா, ஆபத்துன்னா அது வழியாத்தான் வெளிய குதிக்கணும். நூலு ஒரே இழையா போறதுனால அந்த சன்னல்லயும் குறுக்க ஓடும். அதனால அங்கன நூல வெட்டி, முனைய உள்பக்கமா மடக்கி தூணுக்குள்ள செருகிட்டேன், அடுத்த தூணுலேந்து புது இழை. இங்கன பாருங்க, சிவப்பு ஓரம் வச்சு, சுத்தமா தொறந்து கெடக்கு. இந்த ஒத்த சன்னலுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போச்சு. மத்த எதவிடயும் எனக்கு இதுதான் புடிச்சிருக்கு.

நீளம் பத்தி திரும்பத் திரும்ப கேக்கீங்க. ஐசிஎஃப் பெட்டி இருபத்தி ஒண்ணே கால் மீட்டருக்கு மேல. நம்ம அளவுல 59 ஸ்டட், நாப்பத்தேழு சென்டிமீட்டர். கொறைக்க மாட்டேன். எல்லாரும் வளைவுல ஓடணும்னு பெட்டிய முப்பது ஸ்டட்டுக்கு நறுக்கிருதாங்க, அத பாத்தா எனக்கு வயிறெரியுது. லெகோ வளைவோட ஆரம் 32 சென்டிமீட்டர். நிஜத்துல அகலப்பாதைக்கு ஆகக் கொறஞ்ச ஆரம் 175 மீட்டர், நம்ம அளவுல கிட்டத்தட்ட நாலு மீட்டர். வட்டம் போட்டா குறுக்க எட்டு மீட்டர் வேணும், எங்க வீட்டுல அவ்ளோ எடம் ஏது? அதனால வண்டி நேர்கோட்டுலதான் ஓடும், திண்ணையில இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடிக்கு. காருகுறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவுல ஓடுற மாதிரின்னு நெனச்சுக்கிடுங்க.

ஜம்பர் பிளேட் கதைய சொல்லுதேன்னேன்லா. நாட்டுக்குள்ள இருக்க வேற ஒரு வியாபாரிகிட்ட கரு நீலத்துல கேட்டா, சாதா நீலத்துல அனுப்பி வச்சிட்டாரு. படத்த போட்டுக் காட்டியும் "ரெண்டும் நீலம்தான சார்"ங்காரு. ரெண்டும் எப்பிடி ஒண்ணாவும்? பெட்டி உடம்பு கரு நீலம், சன்னல் பட்டை வெளிர் நீலம், நடுவுல இந்த சாதா நீலம் வந்தா அசிங்கமா இருக்கும். திருப்பி அனுப்பிட்டேன், காசு இன்னும் வரல. அதான் அடியில இப்போதைக்கு வெள்ள.

இந்த நெறத்துல இவ்ளோ பிடிவாதம் எதுக்குன்னு ஒருத்தரு கேட்டிருந்தாரு. 1955-ல பெரம்பூர்ல ஆரம்பிச்ச பெட்டி இது, சுவிஸ்காரங்க டிசைன். பழைய மாடல் கட்டுறத 2018-ல நிறுத்திட்டாங்க. இப்ப புதுசா வாரது பெரும்பாலும் எல்ஹெச்பி, அதான் ஜெர்மனிக்காரங்க டிசைன் பெட்டி. நம்ம லைன்ல மீட்டர்கேஜ் போயி 2012-ல அகலப்பாதை வந்த பொறவு நான் ஏறுனதெல்லாம் இந்த நீலப் பெட்டியிலதான். இது கண்ணுக்கு முன்னால ஓடுறப்பவே அளவெடுத்து செஞ்சிரணும். நம்பர் கூட யோசிச்சு வச்சிருக்கேன். மொத ரெண்டு எண்ணு பெட்டி கட்டுன வருசம், அதனால 97. கடைசி மூணு எண்ணு 400-லேந்து 599-க்குள்ள வந்தா ரிசர்வேசன் இல்லாத பொதுப் பெட்டி. 97412-ன்னு வைக்கப் போறேன்.

பொம்மை ஆளுகள உக்கார வைக்க மாட்டேன், கேக்காதீங்க. உசரம் சரியா வருது, ஆனா தோளு அகலத்துக்கு ஒரு ஆளு ரெண்டு சீட்டு புடிக்கான்.

அடுத்து கூரை. அங்கன ஒரு ஒதவி வேணும். கூரை மேல காத்துப்போக்கி வரிசையா இருக்கும்லா, அது எத்தன, எங்கெங்க இருக்குன்னு எனக்கு மேலேந்து எடுத்த படம் வேணும். அம்பை ஆனாலும் சரி, தென்காசி ஆனாலும் சரி, நடைமேம்பாலத்துல நிக்கிறப்ப நீலப் பெட்டி கீழ வந்துச்சுன்னா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஓடுற வண்டி வேண்டாம், நிக்கிற வண்டி. பெட்டிக்கு நேர் மேல நின்னு எடுங்க, சாச்சு எடுத்தா அளவு எடுக்க முடியாது.